எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், காட்டை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் பதினெட்டு வருடமாகக் கிராணியாக வேலை பார்க்கிறேன். ஆள் வருகை, கடிதங்கள், நில வரைபடங்கள், அரசாங்க இலாகாக்களுக்குப் போன் போடுவது எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். என் கணவர் சொந்தமாக ஒரு மண்வாரி இயந்திரம் வைத்திருக்கிறார். தோட்டங்களில் கால்வாய் தூர்வாருவது, சாலை போடுவது என்று எந்த வேலை கிடைத்தாலும் செய்வார். வீட்டில் அதை மெஷின் என்றுதான் சொல்வோம். எங்கள் பிழைப்பு அது.

ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியிருந்த வருடம். வருடக் கடைசி மழை தொடங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் போனில் கூப்பிட்டார். எல்லைப் பள்ளத்தில் யானைக்குட்டி விழுந்து கிடக்கிறது, தாய் பக்கத்திலேயே நிற்கிறது, குலை அறுக்கும் ஆட்கள் பயந்து ஓடி வந்துவிட்டார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டார். யாரும் அங்கே போகக்கூடாது என்று சொல்லிவிட்டு நிர்வாகிக்கு போன் போட்டேன். அவர் விடுமுறையில் ஜொகூர் பாருவில் இருந்தார். வனவிலங்கு இலாகாவுக்குச் சொல், அவர்கள் சொல்கிறபடி செய், மெஷின் வேண்டுமானால் உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கொள் என்றார். என் கணவர் அன்றைக்கு எங்கள் தோட்டத்திலேயே மூன்றாம் பிரிவில் கால்வாய் தூர்வாரிக்கொண்டிருந்தார்.

எல்லைப் பள்ளம் என்பது காட்டு யானைகள் செம்பனைக்குள் வராமலிருக்க முன்பு கம்பெனி தோண்டிய அகழி. ஆள் உயரத்துக்கும் மேலே ஆழம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தான களிமண். இந்தப் பக்கம் தோட்டம், அந்தப் பக்கம் மாநில அரசின் காப்புக்காடு. நான் மண்டோரின் லாரியில் போய்ச் சேர்ந்தபோது குட்டி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதன் முதுகு என் நெஞ்சு உயரம்கூட இருக்காது. தும்பிக்கையை மேலே நீட்டி நீட்டிப் பார்த்தது. காட்டுப் பக்கக் கரையில் தாய் நின்று மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளிய மண்ணெல்லாம் குட்டியின் மேலேயே விழுந்தது. பின்னால் மூங்கில் புதருக்குள் இன்னும் இரண்டு மூன்று யானைகள் அசைவது தெரிந்தது.

வனவிலங்கு இலாகாவின் அவசர எண்ணில் எடுத்தவர், ஆட்கள் இன்னொரு மலாய்க் கம்பத்து ஊரில் யானை விரட்டும் வேலையில் இருக்கிறார்கள், முடித்துக்கொண்டு வருவார்கள் என்றார். பதினொரு மணிக்கு வந்தார்கள். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி, கூட இரண்டு ஆட்கள். அவர் லாரியிலிருந்து இறங்கியதும் என்னிடம் பேசவில்லை. குட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டார். மேட்டுக் கால்வாயிலிருந்து வருகிறது, மழை பெய்தால் ஏறும் என்றேன். கயிறு கட்டி இழுத்தால் குட்டியின் கால் உடையும், தாயும் விடாது, கரையைச் சரிவாக வெட்டி வழி விட்டால் குட்டி தானே ஏறிவிடும் என்றார் அவர். மெஷின் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்று என் கணவரைக் காட்டினேன். அவர் அதற்குள் மெஷினை ஓட்டிக்கொண்டு வந்து, கரையிலிருந்து தள்ளி நிறுத்தியிருந்தார்.

சிக்கல் அப்போதுதான் தெரிந்தது. தோட்டத்துப் பக்கம் வெட்டினால் குட்டி செம்பனைக்குள் ஏறும், தாய் அந்தப் பக்கம் நிற்கும், நடுவில் பள்ளம் இருக்கும். ஒன்று தாயும் குதிக்கும், இல்லை குட்டி திரும்பவும் விழும். வெட்டினால் காட்டுப் பக்கம்தான் வெட்டவேண்டும்.

அதிகாரி அந்தக் கரையைக் காட்டி, அது காப்புக்காடுதானே என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் காட்டிலாகாவைக் கூப்பிடவேண்டும் என்றார். அவர் குரலில் சலிப்பு இருந்தது, ஆனால் தயக்கம் இல்லை.

ஆறாம் படிவத்தில் அரசியலமைப்புப் பாடத்துக்காக மூன்று பட்டியல்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். கூட்டரசுக்கு உரியவை, மாநிலத்துக்கு உரியவை, இரண்டுக்கும் பொதுவானவை. பாதுகாப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் கூட்டரசு. நிலமும் காடும் மாநிலம். காட்டு விலங்கைக் காப்பது பொதுப் பட்டியலில் இருக்கிறது, எங்கள் பக்கம் அதைக் கவனிப்பது கூட்டரசின் வனவிலங்கு இலாகா. பரீட்சையில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். அந்தக் கேள்விக்கான பதில் ஒரு நாள் பள்ளத்துக்குள் நின்று பிளிறும் என்று நினைத்ததில்லை.

காட்டிலாகாவின் வனக்காவலர் மெர்சிங் பக்கத்திலிருந்து பன்னிரண்டரைக்கு வந்தார். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும் என்று பிறகு தெரிந்தது. மெலிந்த உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவரும் முதலில் குட்டியைத்தான் பார்த்தார். பிறகு வனவிலங்கு அதிகாரியும் அவரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். காப்புக்காட்டுக்குள் இயந்திரத்தால் மண் வெட்ட மாநில இயக்குநரின் எழுத்து அனுமதி வேண்டும், இல்லாமல் வெட்டினால் இயந்திரத்தைப் பறிமுதல் செய்வது என் கடமை, எனக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் இல்லை என்றார் வனக்காவலர். எனக்கும் உங்களை வெட்டவிடச் சொல்லும் அதிகாரம் இல்லை என்றார் அதிகாரி. கடைசியில் வனக்காவலர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“யானை உங்களோடது. மண்ணு எங்களோடது. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாலும் அந்தக் கரைய வெட்டச் சொல்ல ஆள் பத்தல.”

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய் மேலதிகாரிகளைப் போனில் பிடித்தார்கள். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரில் விடுமுறை என்றால் ஜொகூரில் அலுவலகம் திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை ஜொகூரில் விடுமுறை என்றால் அங்கே திறந்திருக்கும். இப்போது இரண்டு இடத்திலும் ஒரே நாளில் பூட்டு. மேலதிகாரிகள் பொறுப்பாகத்தான் பேசினார்கள், முயற்சி செய்கிறோம் என்றார்கள். போனில் சரி என்று சொல்ல மட்டும் யாராலும் முடியவில்லை.

ஒன்றரை மணிக்கு மலைப் பக்கம் கறுத்தது. மேட்டுக் கால்வாயில் தண்ணீர் சத்தம் கூடியது. குட்டிக்குத் தண்ணீர் வயிற்றைத் தொட்டது. அது கத்துவதைக் குறைத்துக்கொண்டது. கத்தும்போது இருந்ததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் கணவர் மெஷினில் உட்கார்ந்தபடியே சொன்னார். “நான் இங்க நம்ம பக்கம் நின்னே கைய நீட்டி வெட்டுவேன். மெஷின் காட்டுக்குள்ள போவாது. பக்கெட்டு மட்டும்தான் போவும். அதுக்கும் சட்டமான்னு கேளு.”

கேட்டேன். வனக்காவலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டத்தில் கை, கால் என்று பிரித்து எழுதவில்லை என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த வரைபடம் ஞாபகம் வந்தது. பள்ளம் தோண்டிய வருடம் அந்த வேலையைக் குத்தகை எடுத்தவர் கொடுத்த வரைபடம் என் அலமாரியில் இருக்கிறது. அதில் பள்ளத்தின் கோடும் எல்லைக்கோடும் ஒன்றாகப் போகவில்லை. காப்புக்காட்டில் கைவைத்துவிடக்கூடாது என்று கம்பெனி கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் தோண்டியது. அப்படியானால் அந்தக் கரையில் கொஞ்ச தூரம் வரைக்கும் தோட்டத்து நிலம். மண்டோரின் லாரியில் அலுவலகத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் திரும்பினேன். வனக்காவலர் காகிதத்தை லாரியின் முன்பக்கத்தில் விரித்து விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். பத்தடி என்று போட்டிருந்தது. காகிதத்தை நம்பி வெட்ட முடியாது, எல்லைக்கல்லைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். கல் அந்தக் கரையில் எங்கோ புல்லுக்குள் இருந்தது. அங்கே தாய் நின்றது.

வனவிலங்கு ஆட்கள் சற்றுத் தள்ளி நின்று தகரத்தைத் தட்டினார்கள். தாய் நாற்பது அடி பின்வாங்கி மூங்கில் ஓரத்தில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. பள்ளத்தைக் கடக்க, தண்ணீர் ஓடும் பக்கம் சற்றுத் தள்ளி, குறுக்கே போட்ட ஒரு கான்கிரீட் குழாய் இருந்தது. வனக்காவலர் கிளம்பினார். வரைபடத்தைப் படிக்கவும் அளவு நாடாவைப் பிடிக்கவும் ஒருவர் வேண்டும் என்றார். நான் வருகிறேன் என்று சொன்னபோது என் கணவர் மெஷினிலிருந்து இறங்கிவிட்டார்.

“நீ எதுக்குப் போற? மண்டோர் போகட்டும்.”

“மண்டோருக்கு வரைபடம் தெரியாதுங்க.”

அவர் பள்ளத்தின் ஓரமாகவே எங்களுக்கு இணையாக நடந்து வந்தார்.

அந்தக் கரையில் பெரணி இடுப்பளவு வளர்ந்திருந்தது. வனக்காவலர் பாராங்கத்தியின் நுனியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தார். நான் நாடாவின் ஒரு முனையைப் பள்ளத்தின் விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். எனக்குக் கீழே குட்டியின் மூச்சு கேட்டது. நாலாவது குத்தில் கத்தி ‘ணங்’ என்றது. அதே நேரம் தாய் காதை விரித்துக்கொண்டு வந்தது. ஓடிவந்த மாதிரி இல்லை, மரங்கள் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அசையாதே என்று வனக்காவலர் மெதுவாகச் சொன்னார். நான் நாடாவை அழுத்தியபடியே இருந்தேன். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் அது நின்றது. தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கித் தரையில் அடித்தது. அதன் கண்ணோரம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். பிறகு அது மெதுவாக, முகத்தை எங்களிடமிருந்து எடுக்காமல், பின்னால் போனது.

வனக்காவலர் பெரணியை விலக்கிக் காட்டினார். பாசி பிடித்த கல், தலையில் வெட்டிய குறி. நாடா பத்தடி, சில அங்குலம் காட்டியது. இதுவரைக்கும் தோட்டம், வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். சிவப்பு வெள்ளை நாடாவை ஒரு குச்சியில் கட்டிக் கல்லுக்கு நேராக நட்டார்.

நாங்கள் இந்தப் பக்கம் வந்ததும் என் கணவர் வேலையைத் தொடங்கினார். மெஷினின் கை பள்ளத்தின் மேலே நீண்டு எதிர்க்கரையைச் சுரண்டியது. ஒரு பக்கெட் மண்கூடக் குட்டியின் மேல் விழாமல் ஒதுக்கிப் போட்டார். எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், அவ்வளவு மெதுவாக அவர் வேலை செய்து பார்த்ததில்லை. நாடா வரைக்கும் வெட்டி முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது.

குட்டி சரிவைப் பார்த்தது. முன்னங்கால் இரண்டையும் வைத்து ஏறியது. பாதி தூரம் போனதும் களிமண் வழுக்கியது, பின்னோக்கிச் சறுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுபடி ஏறியது, மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது தலை தண்ணீருக்குள் போய்த் தும்பிக்கை மட்டும் வெளியே தெரிந்தது. பத்தடிக்குள் அந்த ஆழத்துக்கு வெட்டிய சரிவு மிகவும் செங்குத்து. இன்னும் ஏழெட்டு அடி உள்ளே போனால் போதும் என்றார் அதிகாரி. அவர் முகத்தில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வனக்காவலரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வனக்காவலர் போனை எடுத்து மறுபடியும் பேசினார். ஆமாம், ஐயா, தெரியும், ஐயா என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. வைத்துவிட்டு, கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறதாம், கையெழுத்துப் போடவேண்டியவரைத் தேடுகிறார்களாம் என்றார்.

என் கணவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் குட்டிக்காக அத்தனை பேரிடமும் பேசியவள் நான். காகிதத்தைத் தேடி எடுத்தவள் நான். ஆனால் மெஷின் போய்விட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்பதுதான் அந்த நிமிடத்தில் முன்னால் வந்து நின்றது.

“வேணாங்க,” என்றேன். “கல்லத் தாண்டாதீங்க.”

அவர் இறங்கி வந்து வனக்காவலர் முன்னால் நின்றார். வெட்டினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று மலாயில் கேட்டார்.

வனக்காவலர் மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார். “பார்த்தத எழுதுவேன். எவ்வளவு வெட்டுனீங்கன்னு அளந்து எழுதுவேன். மெஷினுக்குச் சீல் வைப்பேன். நான் இங்கதான் நின்னேன், தடுக்கலைன்னும் சேர்த்து எழுதுவேன்.”

“சரி, எழுதுங்க,” என்றார் என் கணவர். திரும்பிப் போய் மெஷினில் ஏறினார்.

குச்சியையும் நாடாவையும் பக்கெட் நுனியால் மெதுவாக ஒதுக்கி வைத்துவிட்டு, கல்லுக்கு ஓரமாக, கல்லை அசைக்காமல், உள்ளே வெட்டினார். ஐந்தாறு பக்கெட் இருக்கும். பிறகு கையை முழுவதும் பின்னால் இழுத்து எஞ்சினை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும்.

குட்டி நகரவே இல்லை. ஏறி விழுந்து அதற்குப் பலம் போயிருந்தது. நாம் எல்லோரும் செம்பனை வரிசைக்குப் பின்னால் போய்விட வேண்டும், நம்மைப் பார்த்தால் தாய் கிட்டே வராது என்றார் அதிகாரி. போனோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. தாய் வந்தது. சரிவின் மேல் விளிம்பில் முன்னங்காலை மடித்து இறங்கித் தும்பிக்கையைக் குட்டியின் கழுத்துக்குப் பின்னால் போட்டு அழுத்தியது. குட்டி ஒரு கால் வைத்தது. நின்றது. இன்னொரு கால். கல்லைத் தாண்டும்போது ஒரு தடவை சறுக்கியது, தாய் விடவில்லை. அப்புறம் இரண்டும் மூங்கிலுக்குள் போய்விட்டன. யாரும் கைதட்டவில்லை. வனவிலங்கு ஆட்களில் ஒருவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வனக்காவலர் தான் சொன்னதை எல்லாம் செய்தார். மழை விட்டதும் அளந்தார், படம் எடுத்தார், என் கணவரின் அடையாள அட்டையை வாங்கி எண்ணைக் குறித்தார். மெஷினைத் தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோகச் சொல்லி, கதவுக்கும் எஞ்சின் மூடிக்கும் சீல் ஒட்டினார். போகும்போது என் கணவரிடம் கை கொடுத்தார். என்னிடம், உங்கள் வரைபடத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றார்.

ஏழு வாரம் மெஷின் அப்படியே நின்றது. என் கணவர் பொந்தியானில் ஒருவருடைய மெஷினை ஓட்டப்போனார். வாரத்துக்கு ஒரு தடவை வருவார், துணி மாற்றிக்கொண்டு போவார். வீட்டில் அதைப்பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. விசாரணைக்கு மெர்சிங் போனபோது நானும் கூடப் போனேன். வனக்காவலரின் அறிக்கையை வாசித்தார்கள். அவர் சொன்ன மாதிரியே எழுதியிருந்தார். கல்லுக்கு அந்தப் பக்கம் எட்டடி வெட்டப்பட்டது, வெட்டிய இயந்திரம் எல்லைக்குள் வரவில்லை, அதன் கை வந்தது, தடுக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது, நான் தடுக்கவில்லை. மரம் எதுவும் விழவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். விசாரித்தவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

கடைசியில் என் கணவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதே வாரம் வனவிலங்கு இலாகாவிலிருந்து தோட்டத்துக்கு நன்றிக் கடிதம் வந்தது. வனக்காவலருக்கு என்ன ஆனது என்று போன் போட்டு விசாரித்தேன். எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், வீட்டில் மிளகாய்ச் செடி நட்டிருக்கிறேன் என்றார்.

அடுத்த மாதம் இரண்டு இலாகாக்காரர்களும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, எங்கள் நிர்வாகியோடு ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். பள்ளத்தில் யானை ஏறிப்போகச் சரிவுகள் விடுவது பற்றிப் பேச்சு. மண் யாருக்கு, விலங்கு யாருக்கு என்று மறுபடி கொஞ்ச நேரம் போனது. அந்தப் பெண் அதிகாரிதான் என் வரைபடத்தைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்தார். தோட்டத்துக்குள் இருக்கும் அந்தப் பத்தடியில் எங்கெங்கே எவ்வளவு சாய்வாக வெட்டலாம், அதற்குமேல் தேவைப்படும் இடங்களுக்கு முன்கூட்டியே எப்படி அனுமதி வாங்கி வைக்கலாம் என்று பேசி முடித்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன். பிறகு வந்த அனுமதிக் கடிதத்தில் ஆறு கையெழுத்துகள் இருக்கின்றன. மழைக்காலம் தொடங்கும்போது நான் அதை எடுத்து மேசையின் மேல் இழுப்பறையில் வைத்துக்கொள்கிறேன்.

சீல் எடுத்த அன்று கொட்டகைக்கு இரண்டு பேரும் போனோம். பேட்டரி செத்திருந்தது. அவர் லாரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கேட்டுவிடவேண்டும் என்று கேட்டேன்.

“அன்னைக்கு நான் வேணாம்னு சொன்னேன். கோவமா?”

“நீ சொன்னியா?” என்றார். “எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, கேக்கல.”

கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தவர் அவர். அவருக்குக் கேட்டிருக்கும். இரண்டாம் தடவை சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரும்புகை கொட்டகையெல்லாம் நிறைந்தது. நான் வெளியே வந்து வெயிலில் நின்றேன்.